விரல்கள் வெளுத்தால் அலட்சியம் வேண்டாம்

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் குளிரால் ஒரு நோயா என்று நீங்கள் கேட்கலாம். குளிர்சாதன அலுவலகம், பேரங்காடியின் உறைபெட்டி, மார்க்கெட்டில் ஐஸ்கட்டியின் மேல் மீன் அடுக்கும் வேலை, கேமரன் மலைப் பயணம் என்று குளிருக்கு இங்கேயும் பஞ்சமில்லை.

இத்தகைய இடங்களில் சிலருக்கு விரல்கள் திடீரென வெளுத்து மரத்துப்போகும். பிறகு நீலம் பாயும். சூடு ஏறியதும் சிவந்து, சுருக்சுருக்கென்று குத்தும். இதன் பெயர் ரேனோ. 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோவின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு நிறமாற்றம் சட்டென்று தெரியாது. நகத்தையும் உள்ளங்கைப் பக்கத்தையும் கவனியுங்கள்.

குளிர் பட்டால் உடல்சூட்டைக் காக்க விரல்களின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குவது இயல்பு. ரேனோ உள்ளவர்களுக்கு அவை அளவுமீறி இறுகிவிடுகின்றன. மனப் பதற்றமும் இதைத் தூண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, வேறு நோய் எதுவுமின்றி வருவது முதல் வகை. தொல்லைதானே தவிர, ஆபத்து குறைவு. லூப்பஸ், தோல் இறுகும் ஸ்கிளெரோடெர்மா போன்ற நோய்களோடு வருவது இரண்டாம் வகை. அதிரும் இயந்திரங்களை நெடுங்காலம் பிடித்து வேலை செய்வோருக்கும் இது வரலாம். முப்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் கண்டாலோ மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். விரல் கறுத்து, வலி நீங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாம் என்ன செய்யலாம்? கைகளை மட்டுமல்ல, உடல் முழுவதையும் கதகதப்பாக வைத்திருங்கள். உறைபெட்டியைத் தொடுமுன் கையுறை அணியுங்கள். விரல் மரத்தால் அக்குளில் வையுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் நனையுங்கள். கொதிநீர் வேண்டாம், மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். புகைப்பதை நிறுத்துங்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும், இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் மருந்துகளும் இதை மோசமாக்கலாம். ஆனால், மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தேவைப்பட்டால் ரத்தக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் போன்ற மருந்தை அவரே எழுதித் தருவார்.

கிளினிக்கில் போய் உட்காரும்போது விரல்கள் பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும். அதனால், நிறம் மாறும்போதே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டறிய அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.