ஒரே ஒரு டெஸ்ட், இரண்டு ஆட்டங்கள்



1934 நவம்பர் 4. சென்னை சேப்பாக்கம் மைதானம். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம். சென்னையும் மைசூரும் மோதுகின்றன. அந்தப் போட்டித் தொடரின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். சென்னை வீரர் ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஒரே நாளில் சென்னை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.

செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909-இல் பிறந்த கோபாலன், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். மறு ஆண்டே ஹாக்கி வீரர் தியான்சந்தின் இந்திய அணியோடு நியூஸிலாந்து சென்று ஆடினார்.

1936-இல் இரண்டு வாய்ப்புகள் ஒன்றாக வந்தன. பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா? கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். பெர்லின் இறுதியாட்டத்தில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. இங்கிலாந்திலோ கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்டாக நின்றுவிட்டது.

அவர் மனம் தளரவில்லை. சென்னை அணிக்குத் தொடர்ந்து ஆடினார், தலைமையும் தாங்கினார். பின்னாளில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் சூட்டினார்கள்.

திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்திலும் ஸ்ரீரங்கத்துத் திடல்களிலும் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளே, ஒரு வாய்ப்பு கைநழுவினாலும் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். கோபாலனை நாம் மறக்காததற்குக் காரணம், அவர் கடைசிவரை ஆட்டத்தை நேசித்ததுதான்.