பல்வேரின் நீளத்தை நிழலால் அளத்தல்

பற்சூத்தை ஆழச்சென்று பல்லின் உட்பாகத்தை எட்டிவிட்டால் நம்மவருட் பெரும்பாலார் பல்லைப் பிடுங்கிவிடவே விரும்புகின்றனர். பிடுங்காமற் காக்கும் வழியும் ஒன்றுண்டு. வேர்க்கால்வாய்ச் சிகிச்சை என்பது அதன் பெயர். 'நேர்வ் பில்லிங்' என்பது மக்கள் வழக்கு. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்துள்ள வில்கமுவ போன்ற கமக்காரர் வாழும் பிரதேசத்திலிருந்து, பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலைக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் வேலை போய்விடும். இச்சிகிச்சைக்கோ பல தடவை போகவேண்டும். அவ்வாறு போய்வருவோர், "ஒரு பல்லுக்கு எதற்கு ஐயா மூன்று நான்கு எக்ஸ்றே?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. விடை கிடையாமையாற் சிலர் இடைநடுவில் நின்றுவிடுகின்றனர். நோவு தணிந்துவிட்டதே என்று எண்ணி அவ்வாறு விடப்பட்ட பல்லிற் கிருமி மீண்டும் புகுந்து, ஈற்றில் அதுவும் பிடுங்கப்படுகின்றது.

பல்லின் நடுவே பற்கூழ் என்னும் மெல்லிய இழையம் உண்டு. நரம்பும் இரத்தக் குழாய்களும் அதனுள் அடங்கும். அது வேரினூடாக நூல்போன்ற கால்வாயில் இறங்கி, வேர்நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே தாடை எலும்போடு தொடர்புகொள்கிறது. பற்கூழ் அழுகிவிட்டால், வைத்தியர் மெல்லிய அரம் ஒன்றைக் கால்வாயினுட் செலுத்தி, அதனைத் துப்புரவாக்கி, மருந்தால் கழுவி, பின்னர் நிரப்பி அடைக்கிறார். அரம் நுனிக்கு முன்னரே நின்றுவிட்டால் அழுகல் எஞ்சும். நுனியைக் கடந்தாலோ எலும்பைப் புண்படுத்தும். சரியான எல்லை, படத்திலே தெரியும் வேர்நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீற்றர் உள்ளே என்பது பொதுவிதி. கண்ணுக்கு எட்டாத இருளில் இந்த அளவை எங்ஙனம் அறிவது?

1895 நவம்பரில் ஜேர்மனியிலே றொண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சில வாரங்களுக்குள், 1896 சனவரியில், அந்நாட்டு ஒற்றோ வால்க்கொவ் தம் பற்களையே படம் பிடித்தார். அதற்காக 25 நிமிடம் அசையாது இருந்தார். நமது விடயத்துக்கு முன்னோடி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல்வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ் என்பவர். 1899-இல் அவர் நோயாளியின் வேர்க்கால்வாயினுள் ஓர் ஈயக்கம்பியை இட்டுப் படம் பிடித்தார். ஈயம் கதிரை மறிக்குமாதலால், கம்பி எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பது படத்திலே தெளிவாகப் புலனாயிற்று. எத்துணை எளிய யோசனை! ஆயினும் கதிரின் தீங்கை அக்காலத்தார் நன்கு அறியார். கெல்ஸ் கதிருக்குப் பலகாலும் தம் கையை உட்படுத்தினார். விரல்களிற் புற்றுநோய் கண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அவற்றையும், பின்னர் கையையும் இழந்தார். வேதனை பொறாது 1928-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஈயக்கம்பியின் இடத்தை இன்று அரமே பெற்றிருக்கிறது. அரத்தின் தண்டிலே சிறு இறப்பர்த் தடை ஒன்று உண்டு. பல்லின் மேல்விளிம்பில் அது முட்டும் இடத்திலிருந்து அரத்தின் நுனிவரை உள்ள தூரமே அளவு. முதற்படம் சிகிச்சைக்கு முன்னர் எடுக்கப்படுவது. வேரின் உருவையும் உத்தேச நீளத்தையும் அது காட்டும். இரண்டாவது, அரம் கால்வாயில் இருக்கும்போதே எடுக்கப்படுவது. இங்கே ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். அரம் 20 மில்லிமீற்றர் உட்சென்றுள்ளது; படத்தில் அதன் நுனிக்கும் வேர்நுனிக்கும் 2 மில்லிமீற்றர் இடைவெளி. ஆகவே பல்லின் நீளம் 22. அதில் ஒன்றைக் கழித்து 21 வரை துப்புரவாக்கலாம்.

ஆனால் நிழல் எப்போதும் உண்மை பேசுவதில்லை. மாலை வெயிலிலே தென்னையின் நிழல் நீளுமன்றோ? கதிர்க்குழாய் சாய்ந்தால் பல்லும் படத்தில் அவ்வாறே நீளும். அப்போது உள்ளிருக்கும் அரமே அளவுகோலாகிறது. 20 மில்லிமீற்றர் அரம் படத்தில் 22 ஆகவும், பல் 24.2 ஆகவும் தோன்றினால், பல்லின் மெய்ந்நீளம் 22 என்பது விகிதக் கணக்கால் வெளிப்படும். கடைவாய்ப்பல்லில் மூன்று நான்கு கால்வாய்கள் ஒன்றன்பின் ஒன்று மறைந்து நிற்பதுண்டு. குழாயைச் சிறிது பக்கமாக நகர்த்தி மேலும் ஒரு படம் எடுத்தாலன்றி அவை பிரிந்து தெரியா. நம்மவர் வீண்செலவென எண்ணும் படம் பெரும்பாலும் இதுவே.

இன்னுமொரு குறையும் உண்டு. கால்வாயின் துவாரம் பலவேளைகளில் வேரின் உச்சியிலன்றி, சற்றுப் பக்கத்தே திறக்கும். கன்னப் பக்கமாகவோ நாக்குப் பக்கமாகவோ திறப்பின் படம் அதனைக் காட்டாது. இதனாலேதான் மின்தடையைக் கொண்டு நுனியை உணரும் கருவிகள் எழுந்தன. 1962-இல் யப்பானியரான சுனடா செய்த ஆய்வு அவற்றுக்கு வழிகோலிற்று. இன்று தேர்ந்த வைத்தியர் கருவியால் அளந்து, படத்தால் உறுதிசெய்கின்றனர்.

கதிருக்கு அஞ்சவேண்டுமா? பற்களுக்கான சிறு படம் ஒன்றால் உடல் பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓரிரு நாளில் நாம் இயற்கையாகப் பெறுவதற்குக் கிட்டியதே. எனினும் கர்ப்பிணிகள் தம் நிலையை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

கால்வாயை நிரப்பியபின் ஒரு படம் எடுப்பர். அடைப்பு எல்லைவரை சென்றதா என்பதை அது காட்டும். சில மாதங்கள் கழித்து எடுக்கும் படமே எனக்கு எல்லாவற்றினும் வியப்பானது. முன்னர் வேர்நுனியைச் சூழக் கருநிழலாகத் தெரிந்த இடம் சிறுகிச் சிறுகி வெளிறிவரும். எலும்பு அங்கே மீள வளர்கிறது. நோவே இல்லாத அந்நாளிலும், அப்படத்துக்காக ஒருமுறை பேராதனைக்குப் பஸ் ஏறத்தான் வேண்டும்.