மஞ்சளில் தொடங்கும் லிஸ்ட்

கல்யாணத்துக்குச் சமையல் பேசி முடித்ததும் மாஸ்டர் கேட்பது ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும்தான். மேலே பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் மஞ்சள், பிறகு உப்பு, புளி, துவரம்பருப்பு என்று லிஸ்ட் இறங்கிக்கொண்டே போகும். முப்பது வருடம் கரண்டி பிடித்தவர் அவர். ஐந்நூறு பேர் பந்திக்கு எத்தனை கிலோ வெல்லம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனாலும் எழுதித்தான் கொடுப்பார். மளிகைக் கடையில் மூட்டை கட்டும்போது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டிக் விழும்; மண்டபத்தில் இறக்கும்போது இன்னொரு டிக். சாம்பார் கொதிக்கும் நேரத்தில் பெருங்காயம் வரவில்லை என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா?

அந்த லிஸ்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரரோ, தன் வேலைகளை எல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருப்பார். கரண்ட் பில், அம்மாவின் பிரஷர் மாத்திரை, காலாவதியாகப் போகும் வண்டி இன்சூரன்ஸ், ஆபீஸில் அனுப்ப வேண்டிய அறிக்கை. எழுதி வைப்பது மறதிக்காரர்களின் வேலை என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. உண்மையில் தன் தொழிலில் கரைகண்டவர்களுக்குத்தான் அந்தத் துண்டுச் சீட்டு அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு அருகே உள்ள ரைட் ஃபீல்ட் விமானத்தளம். ராணுவம் வாங்கப்போகும் புதிய குண்டுவீச்சு விமானத்துக்குப் போட்டி நடந்துகொண்டிருந்தது. போயிங் நிறுவனத்தின் மாடல் 299 நான்கு எஞ்சின் கொண்டது. எதிரில் நின்ற விமானங்களைவிடப் பெரியது, அதிக தூரம் பறக்கக்கூடியது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில். அந்தத் தளத்தின் சோதனைப் பறப்புகளுக்கெல்லாம் தலைவர் அவர்தான். விமானம் ஓடுபாதையை விட்டுச் செங்குத்தாக ஏறியது, சில நூறு அடி உயரத்தில் திணறியது, சரிந்து விழுந்து தீப்பிடித்தது. ஹில்லும், போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள்.

எஞ்சினில் கோளாறு இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது வால்பகுதியின் அசையும் தகடுகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்பும் முன் அதை விடுவிக்க வேண்டும். விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒப்பந்தம் போட்டி நிறுவனத்துக்குப் போனது. ஒரே ஆளால் ஓட்டிச் சமாளிக்க முடியாத விமானம் என்று பத்திரிகைகளில் பேச்சு எழுந்தது. அப்படியும் ராணுவம் 13 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. விமானிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். இன்னும் கடுமையான பயிற்சி கொடுத்துப் பயனில்லை. ஹில்லைவிடப் பயிற்சி பெற்றவர் யார்? புறப்படும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று நான்கு சரிபார்ப்புப் பட்டியல்களை எழுதினார்கள். எல்லாம் எந்த விமானிக்கும் தெரிந்த விஷயங்கள்தான். பி-17 என்று பெயர் பெற்ற அந்த விமானம் பின்னர் 12,000-க்கும் மேல் தயாரானது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய வானத்தை நிறைத்தது.

ஆகாயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இந்தக் காகிதம் இறங்கி வர அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 2001-ல், பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் ஐந்தே வரிகள் எழுதினார். இதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக்குழாயில் மருந்துக்காகச் சிறு குழாய் செருகுவார்கள். அதன் வழியே கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. சோப்புப் போட்டுக் கை கழுவு, நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடை, உடல் முழுவதையும் சுத்தமான துணியால் மூடு, நீயும் முகக்கவசமும் கையுறையும் அணி, செருகிய இடத்தில் கட்டுப் போடு. மருத்துவக் கல்லூரி மாணவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆனால் ஒரு மாதம் நர்ஸ்களைக் கவனித்துக் குறிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளிடம் டாக்டர்கள் ஏதாவது ஒரு படியைத் தாண்டிப் போயிருந்தது தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் சாமர்த்தியம். டாக்டர் ஒரு படியை விட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகத்தின் ஒப்புதலோடு நர்ஸ்களுக்கு வாங்கிக் கொடுத்தார். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பார்த்து, "சார், கை கழுவலையே" என்று ஒரு நர்ஸ் சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தால் இதன் அருமை புரியும். ஒரு வருடத்தில், பத்து நாள் குழாய் இருந்தவர்களிடம் 11 சதவீதமாக இருந்த தொற்று, பூஜ்யத்துக்கு வந்தது.

பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்காக அதுல் கவாண்டே என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் குழு 19 அம்சப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. டெல்லி, மணிலா, லண்டன், டொரண்டோ உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர்களின் விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடியும். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் இதே பட்டியலைக் கையில் எடுத்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை அலசிய ஆய்வு 2014-ல் வந்தது. சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை! இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே பல வித்தியாசங்கள் இருக்கலாம். ஆனாலும் மேலிடத்து உத்தரவுக்காகப் பெட்டிகளில் டிக் அடிப்பதும், ஒருவர் வாசிக்க மற்றவர் நின்று சரிபார்ப்பதும் ஒன்றல்ல என்பது மாஸ்டரிடம் லிஸ்ட் வாங்கிய எவருக்கும் தெரியும்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வருவோம். இங்கே இரண்டு விதமான சீட்டுகள் உண்டு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கானது ஒன்று: ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடுவது, மோட்டாரை நிறுத்துவது, கொல்லைக் கதவைத் தாழிடுவது. இதை ஒருமுறை எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டினால் போதும். பீரோவுக்குள் பத்திரமாக வைத்தால் அது கேஸ் அடுப்பைக் காப்பாற்றாது. பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடிவந்தவர்கள் இதைக் கேலி செய்யமாட்டார்கள்.

மற்றொன்று அன்றன்றைக்கான வேலைப் பட்டியல். இதைக் காலையில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனிமேல் செய்யவேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. நடுராத்திரியில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இன்சூரன்ஸ் தேதியை நினைப்பவர்கள் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் விதமும் முக்கியம். 'இன்சூரன்ஸ்' என்று ஒற்றைச் சொல்லாகக் குறித்தால் அது வேலை ஆகாது, கவலைதான். 'செவ்வாய் மதிய சாப்பாடு முடிந்ததும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு போன்' என்றால் வேலை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களில் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

செல்போனில் இதற்கென்று எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. மாதாமாதம் வரும் தேதிகளை நினைவூட்ட போன் நல்ல வேலைக்காரன். ஆனால் பட்டியலைப் பார்க்கப் போனைத் திறந்தவர் வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருகிறார். செலவில்லாத மாற்று சுவரிலேயே தொங்குகிறது. சிவகாசித் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துத் திருப்பினால் பெரும்பாலும் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பொடி எழுத்தாக எழுதாதவரை அதில் ஆறேழு வேலைக்கு மேல் இடம் கிடையாது. எட்டாவது வேலை நாளைக்குக் கிழிக்கப்போகும் தாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.