கருவின் கையில் குறை: யாரை, எப்போது பரிசோதிப்பது?

1960-இல் பிரிட்டனைச் சேர்ந்த மேரி ஹோல்ட், சாமுவேல் ஓரம் என்ற இரு மருத்துவர்கள், ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் தொடர்ந்துவந்த குறை ஒன்றைப் பதிவு செய்தார்கள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. கூடவே கட்டைவிரலின் அமைப்பிலும் கோளாறு. இன்று அதற்கு ஹோல்ட்-ஓரம் நோய் என்று பெயர். காரணமான டிபிஎக்ஸ்5 மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. கருவில் கைகளும் இதயமும் உருவாக அந்த மரபணு தேவை.

அப்பாவின் கையையும் பாருங்கள்

இந்த நோயில் சிலருக்குக் கையே சரியாக வளராது. வேறு சிலருக்குக் கட்டைவிரலில் இரண்டு எலும்புக்குப் பதில் மூன்று இருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டு எலும்பில் மட்டும் மாற்றம் இருந்து, எக்ஸ்ரே எடுக்கும்வரை அறியாதவர்களும் உண்டு. அப்படிப்பட்ட தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு.

எனவே ஸ்கேனில் குறை தெரிந்ததும் பெற்றோர் இருவரையும் பரிசோதிக்க வேண்டும். தாயை மட்டும் நிறுத்திவைத்து, கிரகணத்தன்று வெளியே போனாயா என்று குடைவது கொடுமை.

எல்லாக் குறையும் பரம்பரையாக வருவதில்லை. பனிக்குடச் சவ்வின் இழை சுற்றி இறுக்கியும் விரல் சிதையலாம். அது பொதுவாக அடுத்த குழந்தைக்கு வருவதில்லை.

எந்த வாரத்தில் என்ன?

பெரிய குறைகள் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே தெரியலாம். விரல்களை நுணுக்கமாகப் பார்க்க 18–20 வார ஸ்கேன் தேவை. மரபணுப் பரிசோதனைக்கு, 11-ஆம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவையோ 15-ஆம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ ஊசியால் எடுப்பார்கள். இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு.

குடும்பத்தில் எந்த மரபணு மாற்றம் என்று முன்பே தெரிந்திருந்தால் முடிவு விரைவில் கிடைக்கும். தெரியாவிட்டால் தேடுவதிலேயே பொன்னான வாரங்கள் போய்விடும். பாதிப்புள்ளவரின் ரத்தத்தைக் கருத்தரிக்கும் முன்பே பரிசோதித்து வைப்பதுதான் நல்லது.

சொந்தத்தில் திருமணமா?

மாமன் மகள், அத்தை மகன் என்று மணந்தவர்கள், கைக்குறையோடு வரக்கூடிய ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயையும் நினைவில் வைக்க வேண்டும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் இருவரிடமும் அந்த நோய்க்கான பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. இந்த நோயால் கட்டைவிரல் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குச் சில ஆண்டுகள் கழித்து எலும்பு மஜ்ஜையும் செயலிழக்கலாம்.

முடிவெடுக்கும் முன்

மரபணு மாற்றம் இருக்கிறது என்பதைப் பரிசோதனை சொல்லும்; பாதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதற்குக் கருவின் இதய எக்கோவும் நுணுக்கமான ஸ்கேனும் வேண்டும். கை அறுவை நிபுணரையும் சந்திப்பது அவசியம்: கட்டைவிரல் இல்லாத குழந்தையின் ஆள்காட்டி விரலை இடம் மாற்றி, கட்டைவிரலாகவே இயங்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது.