ஒரு பீப்பாய், ஒரு முடிவு
சொந்த வடிசாலைச் சரக்கு இல்லாமலே விஸ்கி விற்கும் ஸ்காட்லாந்து வியாபாரிகள் எதை நம்பிப் பணம் போடுகிறார்கள்?

மேஜை மீது ஆறு சிறு குப்பிகள். பெயர் இல்லை, எண் மட்டும். ஆறும் ஒரே வடிசாலையில் ஒரே வாரத்தில் வடித்த சரக்காகவே இருக்கலாம். ஆனாலும் ஒன்றில் வெனிலா மணக்கும், இன்னொன்றில் ஈர மரம். இவற்றில் ஒரு பீப்பாயை விலைக்கு வாங்கி, வேறெதிலும் கலக்காமல் பாட்டிலில் அடைத்து விற்க வேண்டும். தீர்ந்துவிட்டால் அதே ருசி மறுபடி கிடைக்காது.

ஸ்காட்லாந்தின் சுயேச்சை விஸ்கி வியாபாரிகளின் பிழைப்பு இதுதான். அங்கே தயாராகும் மால்ட் விஸ்கியில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்கே போகிறது. அதில் மிஞ்சுவதும் தரகர்கள் கைக்கு வருவதும்தான் இவர்களுக்குச் சந்தை. கேடன்ஹெட் 1842-லேயே தொடங்கியது. எல்ஜின் நகரின் கார்டன் அண்ட் மக்ஃபைல் 1895-ல் மளிகைக் கடையாகப் பிறந்தது. அந்த நிறுவனமே பிற வடிசாலைகளின் சரக்கைத் தன் பீப்பாய்களில் நிரப்புவதை 2024 முதல் நிறுத்துவதாக அறிவித்தபோது, இந்தத் தொழிலில் இருக்கும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, எப்படித் தேர்வு செய்கிறார்கள்? முதலில் மரம். பர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய் என்றால் அடர்ந்த நிறமும் உலர்பழ வாசனையும் கிடைக்கும். ஆனால் சிலவற்றில் தீக்குச்சி உரசிய கந்தக வாடை ஒளிந்திருக்கும். பலமுறை பயன்பட்டுக் களைத்துப்போன பீப்பாயோ, 20 ஆண்டு வைத்திருந்தாலும் வெளிறிய சரக்கையே தரும். நிறத்தைப் பார்த்து மயங்குபவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. அனுபவசாலிகள் தண்ணீர் விட்டு ஆல்கஹாலை 20 சதவீத அளவுக்கு இறக்கி முகர்கிறார்கள். காரம் மூக்கை மரத்துப்போகச் செய்வது குறையும், குறைகள் வெளியே வரும்.

அடுத்தது கணக்கு. 250 லிட்டர் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று இதற்குச் செல்லப் பெயர். 12 ஆண்டுகளில் உத்தேசமாக 195 லிட்டர் மிஞ்சும், அதாவது 280-க்கும் குறைவான 700 மில்லி பாட்டில்கள். 56 சதவீத ஆல்கஹாலைத் தண்ணீர் சேர்த்து 46-க்கு இறக்கினால் 60 பாட்டில் கூடுதலாகத் தேறும். ஒற்றைப் பீப்பாய்ச் சரக்கைத் தேடி வருபவர்களோ தண்ணீர் கலக்காததையே விரும்புகிறார்கள். வியாபாரி எந்தப் பக்கம் சாய்வார் என்பது அவரது கடன் பாக்கியைப் பொறுத்தது.

இன்னும் காத்திருக்கலாமே? அதில்தான் ஆபத்து. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டப்படி அதை ஸ்காட்ச் விஸ்கி என்று விற்க முடியாது. மரத்தின் துவர்ப்பு ஏறி, அதிகம் கொதித்த டீ மாதிரியும் ஆகிவிடும். பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் ஆகியவற்றின் நிலைமை இன்னும் அவசரம். நம் வெயிலில் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை காற்றோடு போய்விடுவதால், அங்கே 20 ஆண்டு பொறுமைக்கு இடமே இல்லை.

பெயர் விஷயமும் உண்டு. தங்கள் பெயரில் மற்றவர்கள் விற்பதை விரும்பாத சில வடிசாலைகள், பீப்பாயில் வேறொரு மால்ட்டை ஒரு டீஸ்பூன் அளவுக்குக் கலந்தே விற்கின்றன. பிறகு அதை சிங்கிள் மால்ட் என்று அழைக்க முடியாதே! எடின்பரோவில் 1983-ல் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி வேறு வழி கண்டது: லேபிளில் வடிசாலையின் பெயருக்குப் பதில் வெறும் எண்.

முதலீட்டு ஆசையில் பீப்பாய் வாங்கும் வெளியாட்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற மோசடியை 2025-ல் பிபிசி அம்பலப்படுத்தியது. அழகாக அச்சிட்ட சான்றிதழால் பயனில்லை. விற்பவர் கையெழுத்திட்ட மாற்று உத்தரவு கிட்டங்கிக்குப் போய், அங்குள்ள ஏட்டில் வாங்குபவரின் பெயர் ஏறியிருக்க வேண்டும். இங்கிருந்து வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: 2012 நவம்பர் முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். பீப்பாயாக ஊருக்குக் கொண்டுவர வழியில்லை.