எக்ஸ்ரே நல்லா இருக்கு, வலி மட்டும் போகவில்லை

"என்னா ஆயா, பந்து மாத்தியாச்சுன்னாங்க, இன்னும் விந்தி விந்தி நடக்குற?"

புதுச்சேரிப் பக்கத்து உறுவையாற்றிலோ மங்கலத்திலோ, இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியவரைத் தெரு கேட்கிற கேள்வி இது. முதல் மாதத்தில் கேட்டால் சிரித்துச் சமாளிக்கலாம். ஆறு மாதம் கழித்தும் கேட்டால் என்ன சொல்வது? தையல் ஆறிவிட்டது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர் "நல்லா செட் ஆகியிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. வலிக்கிறது என்று சொல்வதே நன்றி கெட்டத்தனமோ என்று தோன்றிவிடுகிறது. அதோடு சொல்வதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தக் கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். இது நல்ல அறுவை சிகிச்சை. படுத்த படுக்கையாகக் கிடந்திருக்க வேண்டிய எத்தனையோ பேரை எழுப்பி நடக்க விட்டிருக்கிறது. இன்று செய்யப்படும் முறைக்கு 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அடித்தளம் போட்டவர் ஜான் சார்ன்லி. எஃகுப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்போடு ஒட்டி நிற்க ஒரு சிமெண்ட். இதற்கு முன் அவர் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கி, நோயாளிகள் வலியோடு திரும்பி வந்தார்கள். சார்ன்லி அந்தத் துகளைத் தன் தொடையிலேயே ஏற்றிக்கொண்டு என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார். நோயாளி சொன்ன வலியைப் பொய்யென்று தள்ளாமல் போனதால்தான் அவருக்கு அடுத்த கிண்ணம் கிடைத்தது.

அப்படி மெருகேறி வந்த சிகிச்சையிலும் வலி தங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட கணக்குப்படி, இடுப்பு மாற்றியவர்களில் 7 முதல் 23 சதவீதம் பேருக்கு நீண்ட நாள் கழித்தும் சொல்லும்படியான வலி இருந்தது. முழங்கால் மாற்றியவர்களில் இது இன்னும் அதிகம். நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் ஓ.பி. பெஞ்சில் ஒருவர் அப்படி இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் தொடரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. "போகப் போகச் சரியாயிடும்" என்ற ஆறுதலுக்கு அதுதான் எல்லைக்கோடு.

மேல்நாடுகளில் இந்த அறுவைக்குப் பெரும்பாலும் வருவது வயதாகி மூட்டு தேய்ந்தவர்கள். நம் பக்கம் முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் நிறைய வருகிறார்கள். தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று, பந்து செத்து, நொறுங்கி உட்கார்ந்துவிடும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு, ஸ்டீராய்டு மருந்து, வருடக்கணக்கான குடி ஆகியவை முக்கியக் காரணங்கள். புதுச்சேரியில் மூன்றாவதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்: மூட்டு வலிக்கென்று பொட்டலம் மடித்துத் தரும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. முப்பத்தைந்து வயதில் பந்து மாற்றியவர் வேலைக்குப் போயாக வேண்டும், வண்டி ஓட்டியாக வேண்டும். செயற்கை மூட்டு அவரோடு இன்னும் பல பத்தாண்டு ஓட வேண்டும். அவருடைய வலியை எழுபது வயதுக்காரரின் வலியைப் போலப் பார்க்க முடியாது.

டாக்டரிடம் போய் "வலிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. எங்கே, எப்போது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கவட்டியில் வலி என்றால் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும், அல்லது அதன் விளிம்பில் உரசும் தசைநாணைப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் நாலு எட்டு வைக்கும்போது தொடை முன்பக்கம் பிடுங்கி, நடக்க நடக்கக் குறைகிறதா? தொடைக்குள் இறக்கிய தண்டு ஆட்டம் கண்டிருக்கலாம். பக்கவாட்டில், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாதபடி வலித்தால் அது பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே, தசைநாணும் எலும்பும் சேரும் இடத்துச் சங்கதி. பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை இழுத்தால் முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு, முதுகு இரண்டும் ஒன்றாகக் கெட்டிருந்து, இடுப்பை மட்டும் மாற்றியவர்கள் குறைவில்லை.

சும்மா படுத்திருக்கும்போதும் இரவிலும் விடாமல் வலித்தால், காய்ச்சல் அடித்தால், தழும்பில் நீர் கசிந்தால் அன்றைக்கே போக வேண்டும். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் அது அமைதியாக மாதக்கணக்கில் குடியிருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாமலேயே. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பது. கேட்டு வாங்க வேண்டியவை இவை. பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள். ஒரு படம் சொல்லாததை, இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொல்லிவிடும்.

வலியைச் சாதாரணமென்று தள்ளியதால் இந்தியா கொடுத்த விலை ஒன்று உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபுய் பிரிவு தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு அது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். தேய்மானமே இருக்காது, இளைஞர்களுக்கு ஏற்றது என்று விற்றார்கள். உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றிய சதை அழுகியது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மூட்டு மாற்றத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் இருப்பதால், இந்த மாடலில் மறு அறுவை அதிகம் நடப்பது அங்கே முதலில் கண்ணில் பட்டது. 2009 டிசம்பரிலேயே அங்கு விற்பனை நின்றது. இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்தே ஆண்டுகளில் 12, 13 சதவீதம் பேர் அதைக் கழற்றி மாற்ற வேண்டி வந்தது தெரிந்தது. 2010 ஆகஸ்டில் கம்பெனி உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு போட்டதே 2017இல்தான். குழு தேடியபோது தடம் தெரிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மீதி 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஏதோ ஒரு ஊரில், திண்ணையில் உட்கார்ந்து, இது என் தலையெழுத்து என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ. தங்களுக்குள் இருப்பது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றே பலருக்குத் தெரியாது. 2018 நவம்பரில் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுச் சூத்திரம் அறிவித்தார்கள். கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2019இல், மறு அறுவை உறுதியான 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர ஒப்புக்கொண்டது. 4,700 எங்கே, 67 எங்கே! இதே மூட்டுக்காக அமெரிக்காவில் சுமார் 8,000 பேருடன் 250 கோடி டாலர் அளவில் 2013இலேயே சமரசம் பேசி முடித்தவர்கள்தான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்தான். மூட்டு வந்த பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி, மாடல், அளவு, லாட் எண் எல்லாம் இருக்கும். அதன் ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் விவரத்தையாவது எழுதி வாங்குங்கள். ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் வைக்கிற பையிலேயே அதுவும் இருக்கட்டும். 2015 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் கருவி கண்காணிப்புத் திட்டத்தில், பொருத்திய கருவியால் கெடுதல் என்று நோயாளியே புகார் தரலாம். 1800-180-3024 கட்டணமில்லா எண். ஸ்டிக்கர் கையில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கும் பிடிமானம்.

இனி ஊர் வாழ்க்கைக்கு வருவோம். அச்சிட்டுத் தரும் அறிவுரைத் தாளில் "முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது" என்று இருக்கும். சங்கராபரணிக் கரையோர ஊர்களில், பாகூர் ஏரிப் பாசன வயல்களில் வேலை பார்த்த பெண்ணுக்கு நடவும் களையெடுப்பும் குனிந்தபடி. சமையல் பல வீடுகளில் இன்னும் தரையில். கழிப்பறை குந்தி உட்காருவது. சாவு வீட்டில் பாய் போட்டால் எல்லோரும் கீழே உட்கார, தான் மட்டும் நாற்காலி கேட்பது எப்படி? இந்த "எப்படி"யில்தான் பலருக்கு மூட்டு நழுவுகிறது, வலி திரும்புகிறது. வெஸ்டர்ன் டாய்லெட் கட்டும் செலவை அறுவைச் செலவோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கட்ட முடியாதவர்கள் நடுவில் துளையிட்ட நாற்காலியாவது வாங்க வேண்டும்.

வலி என்றதும் புத்தூர் கட்டுக்குப் போகலாம், எண்ணெய் போட்டு உருவி விடலாம் என்று யோசனை சொல்ல ஆள் எப்போதும் உண்டு. மாற்று மூட்டு உள்ள இடுப்பை இழுத்து உருவுவது ஆபத்து. பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். இன்னொரு யோசனை மெடிக்கலில் போய் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்பது. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகையறா நாலு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகத்தைத் தின்னும். சர்க்கரையும் பிரஷரும் இருப்பவருக்கு அது இன்னும் வேகமாக நடக்கும்.

எல்லாச் சோதனையும் செய்து, கிருமி இல்லை, ஆட்டம் இல்லை, உலோகக் கசிவு இல்லை என்றான பிறகும் வலித்தால்? அப்போதும் அந்த வலி கற்பனை இல்லை. வருடக்கணக்காக வலியைச் சுமந்த நரம்பு மண்டலம், காரணம் போன பிறகும் கத்திக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. அறுவைக்கு முன் நீண்ட நாள் வலித்தவர்களுக்கும், உடம்பின் வேறு இடங்களிலும் வலி உள்ளவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் இது அதிகம். காரணம் தெரியாமல் மறுபடி கத்தி வைப்பது பெரும்பாலும் பலன் தராது. பெரிய மருத்துவமனைகளில் மயக்க மருந்துத் துறையினர் நடத்தும் வலி மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லலாம். அங்கே குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி மாத்திரை எழுதுவார்கள். "மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாமே" என்று யாராவது சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நரம்பின் கத்தலைத் தணிக்கவும் அதுவே மருந்து.

பாதியில் நின்றுபோன உடற்பயிற்சியைத் திரும்பத் தொடங்கினாலே பலருக்கு நடை மாறுகிறது. பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை பலமிழந்ததுதான் அந்த விந்தலுக்குப் பெரும்பாலும் காரணம். பிசியோதெரபிக்குப் பஸ் ஏறிப் போவது கஷ்டம் என்று ஆறாவது வாரத்தோடு விட்டவர்கள், ஒரே ஒரு நாள் போய் வீட்டிலேயே செய்யும்படி கற்றுக்கொண்டு வரலாம். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வதுதான் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு நடப்பவருக்கே நாளடைவில் தூரம் கூடுகிறது.

கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் பாதி, பிடித்தாலும் வலிக்கிற பக்கத்திலேயே ஊன்றுகிறவர்கள் மீதி. வலது இடுப்பு மாற்றியிருந்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் இடது கைத் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அப்போதுதான் தசை இழுக்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். உயரம் முக்கியம்: கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். மூங்கில் தடி என்றால் அந்த இடத்தில் அறுத்து, அடியில் ரப்பர் புஷ் மாட்டுங்கள்.