கையெழுத்துப் போன்ற அச்செழுத்து

கொழும்புத்துறையில் ஒரு வீட்டுக்குத் திருமண அழைப்பிதழ் வந்தால், முகூர்த்த நாளைப் பார்க்குமுன் மணமக்களின் பெயர்களே கண்ணைக் கவரும். ஏனைய வரிகள் நிமிர்ந்து நிற்க, அப்பெயர்கள் மாத்திரம் ஊற்றுப்பேனாவால் ஒருவர் ஆறுதலாக இருந்தெழுதியவை போலச் சாய்ந்து நெளிந்து விளங்கும். அவ்வகை அச்செழுத்தின் இயல்பையும், அது பயன்படும் இடத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மேனாட்டில் இதன் வரலாறு பழையது. வெனிசு நகரத்து ஆல்டஸ் மனுத்தியசு 1501இல், அக்காலக் கற்றோரின் சாய்ந்த கையெழுத்தைத் தழுவிய எழுத்தால் சிறு நூல்களை அச்சிட்டார். 1557இல் லியோன் நகரிலே ரொபேர் கிரான்சோன் என்பார் பிரெஞ்சுக்காரரின் கையெழுத்தையே அச்செழுத்தாக்கினார்.

தமிழுக்கோ அந்நெறி அப்படியே பொருந்தாது. உரோமன் கையெழுத்தில் ஓரெழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடும். அத்தொடர்ச்சியே அதற்கு அழகு. நம்மெழுத்துக்கள் பெரும்பாலும் தனித்து நிற்பவை. ஆதலின் சாய்விலும், கொம்பின் சுழியிலும், கூ, மூ, ளூ என்பவற்றின் வளைவிலுமே கைவண்ணம் புலப்படல்வேண்டும். உகர ஊகாரங்கள் ஏறியவிடத்து 18 மெய்க்கும் 36 வடிவங்களைத் தனித்தனி வரைதல் வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் இஃது எளிதன்று. சித்திரக்காரர் எழுதிக் கொடுத்த தலைப்பைப் பிளாக் செய்து அச்சிடுவதே சஞ்சிகைகளின் வழக்கமாயிருந்தது. இன்று கணினி அத்தடையை நீக்கிவிட்டது. இலங்கையரான தாரிக் அஸீஸ் ஆக்கிய ‘கவிவாணர்’ என்னும் சாய்ந்த எழுத்துருவை எவரும் விலையின்றிப் பெறலாம்.

கிடைப்பது எளிதானபின் அளவு மறந்துபோயிற்று. பெயரிலும் தலைப்பிலும் இனிக்கும் இவ்வெழுத்து, ஒரு பக்கம் நிறைந்தால் கண்ணை வருத்தும். மேலே விசிறியும் கீழே வளைவும் நீள்வதால் வரிகளுக்கிடையே மிகுதியான வெளியும் வேண்டும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. இன்றைய நிமிர்ந்த அச்சில் ரகரத்தின் அடியிலுள்ள சிறு சாய்கோடு அதனைக் காலினின்றும் வேறுபடுத்தும். கையால் எழுதுவோர் பலர் அதனை விட்டுவிடுவர். எழுத்துருவும் விடுமாயின், ‘குமாரராசா’ என்னும் பெயரில் மகரத்தின்பின் ஒரேவடிவான நான்கு கோடுகள் வரிசையாய் நிற்கும்! ஒரு பரிசளிப்பு விழாவிலே, சான்றிதழைப் பார்த்துப் பெயர் வாசித்தவர் இவ்வாறே தடுமாறினார். அழைக்கப்பட்டது தன் பெயரென்றறியாத சிறுவன் இருக்கையிலேயே இருந்துவிட்டான். ஏட்டில் எழுதிய முன்னோரும் புள்ளியிடாது எழுதியவர்களே. ஆயினும் அங்கே முன்பின் சொற்கள் துணைநின்றன. தனித்து நிற்கும் ஒரு பெயருக்கு அத்துணை ஏது?

இம்மலரில் மறைந்த ஆசிரியர்களின் பெயர்களை முழுவதும் கையெழுத்துருவில் இடலாமென அன்பரொருவர் விரும்பினார். தலைப்பை அவ்வெழுத்திலும், பெயர்களை நிமிர்ந்த எழுத்திலும் இடுமாறு மலர்க்குழுவினரைக் கேட்டிருக்கிறேன்.